நாலாவது கட்டை

1

இந்தக் கதை ஒரு பட்டியலில் பிறந்தது. மாடுகளுக்குள் காசநோய் எப்படிப் பரவும் என்று கம்பஸில் மிருக வைத்தியம் படிக்கையில் நான் எழுதிய குறிப்பு: வெளியிலிருந்து வந்த மாடு, காற்றுப் புகாத கொட்டில், பொதுத் தொட்டி. மனிதருக்குத் தொற்ற: காய்ச்சாத பால். பரீட்சையில் அப்படியே எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு மாட்டைச் சோதிக்கவும் மருந்து இல்லை.

முதல் வரி: "ஆனி மாதத்து வெயிலில் கமலாவதி..." வேண்டாம். வெயிலா முக்கியம்?

2

1990. சண்டை மூண்டு மயிலிட்டியில் ஷெல் விழ, இராசாத்தி தன் வெள்ளைப் பசுவையும் இழுத்துக்கொண்டு இணுவிலில் கமலாவதி வீட்டுப் படலைக்கு வந்தாள்.

"மாட்டை வெளியிலை கட்டிறன், தங்கச்சி. அது கொஞ்சம் இருமுது."

"விசர்க்கதை கதையாதேங்கோ அக்கா. உங்களை உள்ளை எடுத்துப்போட்டு மாட்டை றோட்டிலை விடுறதே?"

(இங்கே கமலாவதியைத் திட்டி ஒரு பந்தி எழுதி வெட்டினேன். வந்தவளின் மாட்டைத் தள்ளிக் கட்டினால் வந்தவளையே தள்ளியது போல. நானும் அவளைப்போல உள்ளேதான் கட்டியிருப்பேன்.)

கமலாவதி வெள்ளையைத் தன் மூன்று மாடுகளுக்குப் பக்கத்தில், நாலாவது கட்டையில் கட்டினாள். ஷெல்லுக்குப் பயந்து கொட்டிலைச் சுற்றிக் கூரைவரை மண்மூட்டை. தொட்டி ஒன்றுதான்.

3

மூன்றாம் மாதம் வெள்ளைப் பசு எலும்பும் தோலுமாகிச் செத்தது. புதைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கொட்டிலில் இருமல். கமலாவதி ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்று மாடுகளும் அசைபோடாமல், வெறும் நாலாவது கட்டையையே பார்த்தபடி நின்றன. ஒன்றும் இருமவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

(நோய் பிடித்த மாடு மாதக்கணக்காய்ப் பளபளவென்று நிற்கும். அது என் குறிப்பில் இருக்கிறது. இந்த இருமல் இல்லை.)

4

கமலாவதியின் மகள் அருந்ததிக்கு நாலு வயது. மடிச்சூடு ஆறாத பால்தான் பிள்ளைக்குச் சத்து என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

"இண்டைக்குக் காய்ச்சிக் குடுப்பமே?" என்றாள் கமலாவதி.

"விறகு சோத்துக்கே காணாது," என்றான் கணவன் கதிரவேலு. "பாலைக் காய்ச்சிப்போட்டுப் வேகாத அரிசியைச் சப்புவமே?"

முடிவு ஒன்று: அவள் காய்ச்சுகிறாள், எல்லாரும் பட்டினி. முடிவு இரண்டு: எழுதமாட்டேன். முடிவு மூன்று: அவள் பாலை நிலத்தில்...

இல்லை. அவள் திரும்புவதற்குள் பிள்ளை பால் செம்பைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டாள். நாலாவது கட்டையில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள்.

"அம்மா, வெள்ளையும் நிக்குது."

அடுப்படியில் ஒரு உலைக்கு மட்டும் விறகு. சோறா, பாலா, நீங்களே சொல்லுங்கள். கெதியாய்ச் சொல்லுங்கள். செம்பு பிள்ளையின் உதட்டுக்கு வந்துவிட்டது.