ஸ்டெப்னி மட்டும் சிவப்பு

மாயவன் கார் வாங்கி ஏழு மாதமாகியும், அது அவருடைய கார் என்று பெரம்பலூரைத் தாண்டி ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

குற்றம் சக்கரத்தின் மேல்தான். கிரீம் நிற ஃபியட்டுகள் திருச்சி ஜில்லா முழுக்க ஓடின. ஆனால் நான்கு ரிம்முக்கும் பளீர் சிவப்பு அடித்த ஃபியட் ஒன்றே ஒன்றுதான். அது இளையபெருமாளுடையது. அரியலூர்ப் பக்கம் நஞ்சையும் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடும் வைத்திருந்த பெரிய பண்ணைக்காரர் அவர். எந்த நேரத்தில் அவருக்கு அந்தச் சிவப்பு பிடித்துப்போனதோ தெரியாது. தூரத்தில் புழுதி கிளம்பி, அதற்குள் சிவப்பு சுழன்றால், வரப்பில் நிற்பவர்களின் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். பதினெட்டு வருஷப் பழக்கம். மாயவனின் அப்பா அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். வெள்ளிக்கிழமை தோறும் குளத்துத் தண்ணீரைச் சுமந்து வந்து, அந்தச் சக்கரங்களைத் தேய்த்துக் கழுவிவிடுவது அவர் வேலை.

மாயவன் அந்த வழியில் போகவில்லை. திருச்சியில் தொழில் கற்றுக்கொண்டு வந்து, பெரம்பலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார் என்றால் சுத்துப்பட்டு ஊர்களில் அவரைத்தான் தேடுவார்கள். அப்படி ஒரு மோட்டாரை எடுக்க இளையபெருமாளின் பண்ணைக்குப் போன அன்று, கார் கொட்டகையில் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. மகன்கள் புதுக் கார் வாங்கிவிட்டார்களாம். மாயவன் விலை கேட்டார்.

"ஒனக்கு எதுக்குடா காரு?" என்றார் இளையபெருமாள்.

"மோட்டார ஏத்திக்கிட்டுப் போகத்தாங்க."

அந்தப் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டார். பேர் மாற்றி ஆர்.சி. புத்தகமும் கைக்கு வந்தது. ஆர்.சி. புத்தகத்தை யார் பார்க்கிறார்கள்? அரியலூர் டீக்கடையில் நிறுத்தினால், "ஆண்டை வரலியா?" என்பார்கள். மனைவி ஆண்டாயியோ பின் சீட்டை விட்டு நகர மாட்டாள். முன்னால் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் அடிக்கிறதாம். ஆக, ஓட்டுகிற மாயவன் பார்ப்பவர்களுக்கு டிரைவராகிவிட்டார்.

இது என் கார் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். காயில் சுற்றைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் விடாமல் பேசுகிற மனுஷனுக்கு, இந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. சொன்னால் சிரிப்பார்களோ என்று பயம். சிரித்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம்.

மகள் ரெங்கம்மாளுக்கு ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு வரன் கூடி வந்தது. பையன் கூட்டுறவு பாங்கில் வேலை. ஜாதகம் கொடுக்க மாயவன் தனியாகக் காரில் போனார். வாசலில் வரவேற்றது பையனின் தாய்மாமன் சாமிக்கண்ணு. இளையபெருமாளின் முந்திரிக்காட்டை வருஷா வருஷம் குத்தகைக்கு எடுக்கிற ஆள். காரைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அட, ஆண்டை காரையே குடுத்து அனுப்பிட்டாரா! நல்ல காரியம்னதும் எவ்வளவு பெரிய மனசு பாருங்க!"

மாயவன் சிரித்துவைத்தார். மகளுக்கு மாப்பிள்ளை தேட இரவல் காரில் வந்தவன் என்று அந்த வீட்டில் பேர் விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டாயியோடு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். அதற்குள் இந்தச் சிவப்பை ஒழித்துக்கட்டியாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்.

பெரம்பலூர் மெயின்ரோட்டில் ராசாங்கத்தின் டிங்கரிங் பட்டறை இருந்தது. ராசாங்கம் சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"சில்வர் அடிக்கலாமா?" என்று கேட்டார் மாயவன்.

"அடிக்கலாம். ரெண்டு மாசத்துல ரோஸ் ஆயிடும்."

"கிரீம்? பாடி கலரோட சேந்துக்குமே."

"அதுவும் அப்படித்தாண்ணே. இந்தச் செவப்பு லேசுப்பட்டதில்ல. மேல எத அடிச்சாலும் உள்ள இருந்து ஊறி வெளிய வந்துரும். கறுப்பு ஒண்ணுதான் அத அமுக்கும்."

"திருச்சியில பழைய ரிம்மு கெடைக்குமா?"

"கெடைக்கும். யாரு எந்தக் குழியில விட்டு வளைச்சதோ, யாரு கண்டா? ஒங்களுது நல்ல ரிம்மு. சுரண்டிட்டு, பிரைமர் விட்டு, கறுப்பு அடிச்சிருவோம். செம்மண்ணு ஒட்டுனாலும், சுண்ணாம்புக்கல்லுத் தூசி ஒட்டுனாலும் ஒரு வாளித் தண்ணியில போயிரும்."

அந்தக் காலத்தில் கறுப்புச் சக்கரம் என்றால் லாரிக்கும் டிராக்டருக்கும்தான். ராசாங்கம் ஒரு ரிம்மின் ஓரத்தில் மட்டும் அடித்துக் காட்டினார். கிரீம் பாடிக்குக் கீழே அது கச்சிதமாக இருந்தது. நடுவில் ஹப் கேப் பளபளத்தது. மாயவனுக்குப் பிடித்துவிட்டது.

கூட வந்திருந்த ஆண்டாயிக்குப் பிடிக்கவில்லை.

"பொண்ணுக்குச் சம்மந்தம் பேசப் போற வண்டிக்குக் கறுப்பா?"

"டயரே கறுப்புதாண்டி."

"டயரு கம்பெனிக்காரன் குடுத்த கறுப்பு. இது நாமளாத் தேடிப் பூசிக்கிற கறுப்பு."

நான்கு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டால் தோஷமில்லை என்று ராசாங்கம் சமாதானம் சொன்னார். பெயிண்ட்காரர் வாக்கை நம்பி ஆண்டாயி முணுமுணுப்பை நிறுத்தினாள்.

"ஸ்டெப்னியையும் எடுங்கண்ணே, சேத்து அடிச்சிரலாம்," என்றார் ராசாங்கம். டிக்கியில் ஸ்டெப்னிக்கு மேலே ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் இரண்டு உட்கார்ந்திருந்தன. இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

"அது கெடக்குது விடு. டிக்கிக்குள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா?"

மோட்டார் இரண்டையும் கடையில் இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அரியலூர் டீக்கடையில் நிறுத்தினார். யாரும் ஆண்டையைக் கேட்கவில்லை. எவரும் எழுந்திருக்கவுமில்லை. யாரோ ஒரு மனுஷன் யாரோ ஒரு காரில் வந்து டீ குடித்துவிட்டுப் போனான், அவ்வளவுதான். மாயவனுக்கு அந்த டீ அவ்வளவு ருசியாக இருந்தது. இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தார்.

உடையார்பாளையம் தாண்டி நாலு மைல் போனதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால், இடது பின் சக்கரத்தில் மாட்டு லாட ஆணி.

மாயவன் டிக்கியைத் திறந்தார். உள்ளே ஸ்டெப்னி, புத்தம் புதுசு மாதிரி சிவப்பாகச் சிரித்தது. பதினெட்டு வருஷமாக வெயில் படாத சிவப்பு.

"உடையார்பாளையத்துக்கே திரும்பிப் போயி பஞ்சர் ஒட்டிட்டு வந்துரலாமா?"

"மணி என்ன ஆச்சு? நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அவங்க வூட்டு வாசப்படிய மிதிக்கணும்," என்றாள் ஆண்டாயி. பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். "மூணு கறுப்பு, ஒரு செவப்பு. கட்சிக் கொடி ஒண்ணுதான் பாக்கி."

மாயவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜாக்கி போட்டு மாட்டினார். நட்டை முடுக்கும்போதெல்லாம் சாமிக்கண்ணுவின் பல் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் நுழைந்ததும் அவர் நேரே வாசலில் நிறுத்தவில்லை. தெருக்கோடி வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து, இடது பக்கம் சுவரோடு ஒட்டும்படி நிறுத்தினார். ஆண்டாயி டிரைவர் பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டியதாயிற்று. பட்டுப்புடவை கசங்கியதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தது. பையனின் அப்பா நடராசன் அதிகம் பேசாதவர், ஆனால் மரியாதை தெரிந்தவர். கேசரி, பஜ்ஜி, காபி. தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிற வரை பேச்சு போய்விட்டது. கிளம்பும்போது சாமிக்கண்ணு, "நானும் டவுனு வரைக்கும் வரேன், பஸ் ஸ்டாண்டுல எறக்கி வுட்டுருங்க," என்று இடது பக்கக் கதவைத் தேடிச் சுவரோரமாக நுழைந்தார். நுழைந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அட! இது ஆண்டை காரேதான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நம்பரப் பாத்தப்பவே சந்தேகப்பட்டேன். ஏங்க, எரவல் வாங்கின காருக்குக் கறுப்பு அடிச்சு மறைச்சா எப்புடி? அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

நடராசனின் முகம் மாறியது. மறைக்கிற ஆள் என்று பேர் வாங்கிவிட்டால் ரெங்கம்மாளின் கல்யாணம் இந்தச் சுவரோரத்திலேயே முடிந்துவிடும் என்று மாயவனுக்குப் புரிந்தது. ஆண்டாயியைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்பது போல அவள் தலையசைத்தாள்.

"இது ஆண்டை காரு இல்லைங்க," என்றார் மாயவன். "ஆண்டை வித்த காரு. வாங்கினவன் நான். ஏழு மாசம் ஆச்சு. புஸ்தகம் உள்ள இருக்கு, பாக்கணும்னா எடுத்துத் தரேன்."

"அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. எங்கப்பா இந்தச் சக்கரத்தக் கழுவினவரு. அவரு மவன் வாங்கிட்டான்னு சொன்னா யாரு நம்புவா? சிரிச்சிருவீங்களோன்னு பயந்துட்டேன். அதான் வாயால சொல்லாம பெயிண்ட்டால சொல்லலாம்னு பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சாமிக்கண்ணு குனிந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நடராசன் வந்து மாயவனின் கையைப் பிடித்தார்.

"தை மாசந்தான், சம்மந்தி. அதுல மாத்தம் இல்ல."

மாயவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவசரமாக உட்கார்ந்து வண்டியை முன்னால் நகர்த்தினார். இடது பக்கக் கதவுகள் விடுபட்டன. சாமிக்கண்ணு முன் கதவைத் திறந்தார். ஏறப் போனவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கால்களுக்குத்தான் பழக்கம் இருந்தது.

"செருப்போட ஏறுங்க," என்றார் மாயவன். "நம்ம வூட்டு வண்டி."

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் சாமிக்கண்ணு இறங்கும்போது, வெற்றிலைக்கடையில் நின்ற ஒருவர் பின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"என்ன சாமிக்கண்ணு, ஆண்டை கார்லயா வர?"

"ஆண்டை காரு இல்லய்யா," என்றார் சாமிக்கண்ணு, பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. "எங்க சம்மந்தி காரு. சொந்தமா வாங்கினது."

பக்கத்துக் கடையிலேயே பஞ்சர் ஒட்டினார்கள். ஒட்டிய கறுப்புச் சக்கரத்தை மாயவன் டிக்கியில் போட்டுக்கொண்டார். சிவப்பைக் கழற்றவில்லை.