காலண்டரின் வெப்சைட்

"அதான் போட்டாச்சே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஏஜென்ட் கைப்பையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். கடைக்காரரின் கார் இன்சூரன்ஸ் முடிவதற்கு இன்னும் நாள் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இதே சமயத்தில் அவர் வந்து நிற்பதும், கடைக்காரர் கல்லாவைத் திறந்தபடியே அலுத்துக்கொள்வதும் வழக்கம்.

"யார்கிட்ட போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? உங்க ஆபீஸ் பொண்ணுதான் போன் பண்ணுச்சு. காலண்டர் சார் ஆபீஸ்னு சொல்லுச்சு. பரவாயில்லையே, ஆள் வச்சு வேலை வாங்குற அளவுக்கு வந்துட்டாரேன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்குள்ள நீங்களே பையைத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

ஏஜென்டுக்கு ஆபீஸும் கிடையாது, பெண்ணும் கிடையாது. வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, ஓர் இரும்பு அலமாரி, வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. அவ்வளவுதான். காலண்டர் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். யாருடைய வண்டிக்கு, யாருடைய கடைக்கு பாலிசி எந்த மாதம் முடிகிறது என்பதை எதையும் பார்க்காமல் சொல்வார். சொந்தக் கல்யாண நாளைத்தான் மனைவி நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

அந்தத் தொழிலில் தேதிதான் முதல். விலையில் ஏஜென்டுக்கு ஏஜென்ட் பெரிய வித்தியாசம் இராது. இன்சூரன்ஸ் என்றாலே முகம் திருப்புகிற மனிதன், பாலிசி முடியப்போகிற சமயத்தில் மட்டும் காது கொடுப்பான். அந்தச் சமயம் எப்போது என்று தெரிந்தவனுக்கே வியாபாரம். அதனால் ஏஜென்டுகள் ஒன்றாக டீ குடிப்பார்கள், ஒருவர் வண்டியில் இன்னொருவர் போவார். ஆனால் தன் ஆட்களின் தேதியை மட்டும் யாரும் வாய் தவறியும் சொல்வதில்லை.

வெப்சைட் யோசனை மச்சினனுடையது. மனைவியின் தம்பி. மொபைல் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வெப்சைட் மார்க்கெட்டிங் கம்பெனி நடத்துகிறான். "மாமா, நீங்க செருப்பு தேய நடக்குறீங்க. ஜனங்க படுத்துக்கிட்டே போன்ல தேடுறாங்க," என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மனைவியும் சேர்ந்துகொண்டாள். "அவன் என்ன வெளியாளா? நம்ம வீட்டுப் பிள்ளை செஞ்சா நல்லா செய்வான்." பழைய ஸ்கூட்டரை மாற்ற ஒதுக்கியிருந்த பணத்தை ஏஜென்ட் வெப்சைட்டில் போட்டார். மச்சினனின் டையைக் கட்டிக்கொண்டு படமெடுத்துக்கொண்டார். வருகிறவர்கள் நிரப்புவதற்கு வைத்திருந்த கேள்விகளில், 'இப்போதைய பாலிசி எப்போது முடிகிறது?' என்பதைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். வேறு ஏஜென்டுகளின் ஆட்கள் தாங்களாகவே வந்து தேதியைக் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

யாரும் வரவில்லை. "சைட்ல நடமாட்டம் வேணும் மாமா. முதல்ல உங்க ஆளுங்களையே போடச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க," என்றான் மச்சினன். ஏஜென்ட் வீடு வீடாகப் போனார். பக்கத்திலேயே நின்று, எங்கே தொட வேண்டும் என்று காட்டி, ஒவ்வொருவரையும் தங்கள் தேதியைப் போட வைத்தார். அவர் முகத்துக்காகப் போட்டார்கள். பிறகு புது ஆட்கள் நாலைந்து பேர் வரவும் செய்தார்கள். போட்ட காசு வருகிறதா என்று மற்ற ஏஜென்டுகள் கேட்டபோது, "வரும், கொஞ்சம் பொறுமை வேணும்," என்று அனுபவஸ்தர் போலப் பதில் சொல்லியிருந்தார்.

மருந்துக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் தன் வெப்சைட்டைத் தானே திறந்தார். இல்லாத ஒரு பெயர், வாங்காத ஒரு கார், அடுத்த மாதத் தேதி ஒன்று, மனைவியின் போன் நம்பர். போட்டுவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்திருந்தான். பாதிச் சாப்பாட்டில் மனைவியின் போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம், உங்க கார் பாலிசி முடியப்போகுதுல்ல, அது விஷயமா பேசறேன்."

"எங்ககிட்ட ஏதும்மா காரு? ஓட்டை ஸ்கூட்டர்தான் இருக்கு."

"காலண்டர் சார் சைட்ல பதிவு பண்ணியிருக்கீங்களே மேடம்."

மனைவி கணவரைப் பார்த்தாள். ஏஜென்ட் போனருகே குனிந்தார். "எந்த ஆபீஸ்லேர்ந்தும்மா பேசறீங்க?"

"மொபைல் ரிப்பேர் கடைக்கு மேல மாடி சார். ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். நேர்லயும் வரலாம்."

மச்சினன் தட்டைவிட்டு நிமிரவில்லை. போனை அணைத்தது மனைவிதான்.

"டேய், அது உன் ஆபீஸ்டா."

"நானே சொல்லலாம்னு இருந்தேன்க்கா."

"எப்ப? நான் ரிட்டயர் ஆன பிறகா?" என்றார் ஏஜென்ட்.

"மாமா, சைட் போட்டுக் குடுக்கிறதுல என்ன கிடைக்குது சொல்லுங்க. நாங்களும் இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுத்திருக்கோம். நீங்க கடைசி நேரத்துல போய் நிப்பீங்க. நாங்க அதுக்கு முன்னாடியே கூப்பிடுறோம்."

"அது என் தேதிடா."

"சைட்ல போட்டா எங்களுக்கும் வரத்தானே செய்யும் மாமா."

"தேதி வந்தது சரி. என் பேரு எதுக்கு?"

மச்சினன் முதல்முறையாகத் தயங்கினான். "சும்மா கூப்பிட்டா வச்சுடறாங்க. உங்க பேரைச் சொன்னா உட்கார்ந்து கேக்கறாங்க."

"அப்ப வெப்சைட் நல்லா வேலை செய்யுது."

"பிரமாதமா வேலை செய்யுது மாமா," என்றான் மச்சினன். கேலி என்று அவனுக்குப் படவில்லை. தொழில் தெரிந்தவனின் பெருமை குரலில் இருந்தது.

மனைவி தம்பியை வெளியே போகச் சொல்வாள் என்று ஏஜென்ட் எதிர்பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்பைத் தம்பியின் பக்கம் நகர்த்திவிட்டு, "சரி, வர்றதுல ஒரு பங்கு மாமாவுக்குக் குடுத்துடு. வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்," என்றாள்.

"தாராளமாக்கா."

ஏஜென்ட் எழுந்து கை கழுவினார். "பங்கு வேணாம்," என்றார். "என்னங்க, கோபத்துல பேசாதீங்க," என்று மனைவி சொல்லும்போது குழாயைத் திறந்தே வைத்திருந்தார்.

அடுத்து முடிகிற தேதி தையற்கடை அம்மாவுடையது. கடைக்குத் தீ இன்சூரன்ஸ். மறுநாள் காலை அங்கே போனார். அந்த அம்மா மெஷினை நிறுத்தாமலே, "வாங்க காலண்டர். உங்க ஆபீஸ் பொண்ணு இப்பத்தான் கூப்பிட்டா," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"அவ அவசரப்படுத்தினா. நான் காலண்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன், கொஞ்சம் கழிச்சுக் கூப்பிடுன்னுட்டேன். என்ன, உங்களைப் பத்தி உங்ககிட்டயே கேக்கறேன்னு சிரிக்காதீங்க."

ஏஜென்ட் துணிக்குவியலைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அது என் பொண்ணு இல்லம்மா. வேற ஆபீஸ்."

மெஷின் நின்றது.

"அப்ப என் நம்பரு, கடை விவரமெல்லாம் அவளுக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் குடுத்தேன். இதே இடத்துல நின்னு, உங்க போன்லேயே போட வச்சேனே, அன்னைக்கு. அது அங்க போயிடுச்சு. எனக்குத் தெரியாது."

அந்த அம்மா ஊசிக்கடியிலிருந்த துணியை வெளியே இழுத்து, நூலை வெட்டினார். ஏஜென்ட் பக்கம் பார்க்கவில்லை.

"எனக்குந்தான் தெரியாது. நீங்க சொன்னீங்க, போட்டேன். இனிமே யாரைக் கேட்டுட்டுப் போடறது?"

மெஷின் பலகையில் கிடந்த போன் அடித்தது. அந்த அம்மா எடுக்கவில்லை. ஒரு விரலால் அதை ஏஜென்ட் பக்கம் தள்ளினார்.

"நீங்களே பேசுங்க."

அவர் எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம் மேடம், காலண்டர் சார் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். சார்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"காலண்டர்தாம்மா பேசறேன்," என்றார் ஏஜென்ட். "சொல்லு."