இடது பக்கம் ஒரே ஒரு கை

எட்டு இருபது மின்சார ரயிலில் இடது பக்கத்து முதல் சன்னல் சம்பத்துடையது. ரயில்வே எழுதிக் கொடுத்ததல்ல, அவனாகப் பிடித்துக்கொண்டது. அவன் அப்பா ஜெயவேலுவின் பாத்திரக்கடை தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரேயே இருந்தது. அதனால் வண்டி வந்து நிற்பதற்கும் அவன் பை அந்த இருக்கையில் விழுவதற்கும் நடுவே ஒரு தும்மல் போட நேரமிருக்காது. மற்ற பையன்கள் ஏறி வரும்போது அவன் காலையில் கடை திறந்த முதலாளி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான்.

உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்காக அல்ல. வாடகைக்கு விடுவதற்காக.

பல்லாவரத்து மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தாம்பரத்திலிருந்து போகிற பையன்கள் ஒன்பது பேர். எல்லோரும் நாலாங்கிளாஸ். அவர்களை ஓட்டிக்கொண்டு போகிற பொறுப்பு ரத்தினபாய் டீச்சருக்கு. சம்பத் அந்த சன்னலை மூன்று துண்டாக வெட்டி விற்றான். தாம்பரத்திலிருந்து சானடோரியம் ஒரு துண்டு, அங்கிருந்து குரோம்பேட்டை ஒரு துண்டு, குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் ஒரு துண்டு. கடைசித் துண்டுக்குத்தான் கிராக்கி. மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஏரோப்ளேன் வயிற்றைக் காட்டிக்கொண்டு போவது அங்கேதான் தெரியும். விலையெல்லாம் கோலியில், பலப்பத்தில், நாவல் பழத்தில். காசு புழங்கினால் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

முதல் துண்டை யாரும் சீந்தவில்லை. கிருபா ஒருவனைத் தவிர.

கிருபா பள்ளிக்கூடத்துக்குப் புதுசு. அப்பா ஏசுதாசனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. பையன் அதிகம் பேசமாட்டான். தினமும் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு உட்காருவான். சானடோரியம் வந்ததும் எழுந்துவிடுவான். ஏரோப்ளேனுக்குக்கூட நிற்கமாட்டான்.

அந்தத் துண்டில் பார்க்க இருந்தது ஒன்றுதான்: டாட்டாம்மா.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டி.பி. ஆஸ்பத்திரி வேலி. அந்த வேலியோரம் ஒரு அம்மா நின்றுகொண்டு வண்டிக்குக் கை காட்டும். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும், எந்தப் பெட்டியையும் விடாமல், கையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசி வீசிக் காட்டும். அந்தத் தூரத்துக்கு முகம் தெரியாது. புடவை தெரியும், கை தெரியும். பையன்களுக்கு அது போதும். ஒன்பது பேரும் சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவார்கள். லாசரஸ் இரண்டு கையையும் நீட்டுவான். பால்காரர் மகன் குப்புராஜ், "டாட்டாம்மோவ்! இன்னிக்கி கறி சோறா?" என்று கத்துவான்.

"கையை உள்ள இழுங்கடா! கம்பம் அடிச்சா கை கம்பத்தோட போயிடும்!" என்று ரத்தினபாய் டீச்சர் அதே இடத்தில் தினமும் சொல்லுவார். ஒரு கையும் உள்ளே வந்ததில்லை.

சம்பத் கடையில் வளர்ந்தவன். ஒரு பொருளை மூன்று தரம் திரும்பிப் பார்க்கிறவர்கள் அதை வாங்காமல் போகமாட்டார்கள், அப்போது விலையைத் தைரியமாக ஏற்றலாம் என்பது அவனுக்கு அ, ஆ படிக்கும் முன்னமே தெரியும். கிருபா அந்த சன்னலை மூன்று தரம் அல்ல, பிளாட்பாரத்தில் கால் வைத்ததிலிருந்து பார்த்துக்கொண்டே வருவான்.

"ரெண்டு கோலி," என்றான் சம்பத் ஒருநாள்.

"நேத்து ஒண்ணுதானே?"

"நேத்து நேத்து. இன்னிக்கி இன்னிக்கி."

கிருபா கொடுத்தான். அடுத்த வாரம் நாலு கோலி. கோலி தீர்ந்து பலப்பம். பலப்பம் தீர்ந்து கண்ணாடி பதித்த ஷார்ப்னர். அதைக் கொடுக்கும்போது மட்டும் அவன் விரல் கொஞ்சம் தயங்கியது. அதில் என்னதான் இருக்கிறது, ஒரு ஸ்டேஷன் தூரம்தானே என்று சம்பத்துக்கே குழப்பம். குழப்பம் இருந்தாலும் விலையை இறக்கவில்லை.

ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிருபாவிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பையைத் திறந்து காட்டினான். டிபன் டப்பா இருந்தது.

"சோறா? எங்க வூட்ல இல்லாத சோறா?" என்று சொல்லிவிட்டு சம்பத் தானே உட்கார்ந்துகொண்டான்.

வண்டி கிளம்பியது. ஒன்பது பேர் கையில் எட்டு கை வெளியே போயிற்று. சம்பத்தும் ஆட்டினான். பின்னாலிருந்து கிருபா அவன் தோளுக்கு மேல் எக்கி, கம்பிக்கு நடுவில் விரலையாவது நுழைக்கப் பார்த்தான். எட்டவில்லை. அவன் மோவாய் சம்பத்தின் கழுத்தில் அழுந்தியது. கழுத்தில் ஏதோ ஈரம்.

"சீ, எச்சில் வுடறியாடா?" என்று திரும்பினான் சம்பத். எச்சில் அல்ல.

"இன்னாடா, ஒரு சன்னலுக்கா அழுவற?"

"அது எங்கம்மாடா."

"எது?"

வேலி தாண்டிப் போய்விட்டது. கிருபா அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் அவன் சொல்லி முடித்தான். எட்டு மாசமாக அம்மா புஷ்பம் உள்ளே இருக்கிறாள். சின்னப் பையன்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பார். பையன் எட்டு இருபதில், இடது பக்கம் போகிறான் என்று அப்பா சொல்லிவைத்தார். அன்றிலிருந்து எழுந்து நடக்க முடிகிற நாளிலெல்லாம் அம்மா வேலிக்கு வந்துவிடுகிறாள்.

"அப்போ உனுக்குதான் கை காட்டுதா?"

"எனக்குதான். ஆனா நான் எதுன்னு தெரியாதே. பெட்டி பூரா கையா இருக்கு. அதான் எல்லாத்துக்கும் காட்டறாங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கேக்கறாங்களாம், எது அவன் கைன்னு."

"மொதல் சன்னல்னு சொல்லி அனுப்பேன்."

"அனுப்பினேன். மொதல் சன்னல்ல மூணு கை இருக்கேடா."

அந்த மூன்றில் ஒன்று சம்பத்துடையது. ஏமாந்த ஆளிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டோம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். ஒருத்தனுடைய அம்மாவை அவனுக்கே விற்றிருக்கிறோம் என்று இப்போது தெரிந்தது. ஷார்ப்னரை எடுத்து கிருபாவின் பையில் போட்டான். தின்றுவிட்ட நாவல் பழத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவன் யோசனை ஒன்று சொன்னான். எல்லோரும் கையை உள்ளே வைத்துக்கொண்டால் மிச்சம் ஒரு கைதான்.

"யார்கிட்டயும் சொல்லாதேடா," என்றான் கிருபா. "டி.பி.ன்னா கிட்ட உக்கார மாட்டானுங்க."

"சொல்லாமயே முடிச்சிடறேன். பேரம்தானே?"

ஆனால் பேரம் படியவில்லை. "சானடோரியம் வர்ற வரைக்கும் கையை உள்ள வச்சுக்கினா ஏரோப்ளேன் துண்டு ஒரு மாசத்துக்கு உனுக்கு, சும்மா," என்று குப்புராஜிடம் சொன்னான். குப்புராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"சும்மாவா? நீயா? போடா டேய், இதுல உனுக்கு இன்னா கீது சொல்லு மொதல்ல."

"ஒண்ணும் இல்லடா."

"ஒண்ணும் இல்லாம நீ மூக்கக்கூட சிந்தமாட்டியே!"

மற்றவர்கள் சிரித்தார்கள். சம்பத் பலப்பம் கொடுப்பதாகச் சொன்னான், சந்தேகம் கூடியது. கோலியும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னான்; ஏதோ பெரிய திருட்டுத்தனம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சரக்கை இனாமாகக் கொடுத்தும் வாங்க ஆளில்லை.

அப்போது கிருபா எழுந்து நின்றான். டிராயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"டாட்டாம்மா எங்கம்மா," என்றான்.

லாசரஸ் வாயிலிருந்த மிட்டாயைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தான். குப்புராஜின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"நான் கறி சோறான்னு கத்துனேனே…"

"கேட்டிருக்காதுடா. காத்து," என்றான் கிருபா.

"தெனமும் கத்துனேன்டா."

பிறகு குப்புராஜ் நகர்ந்து வந்து கிருபாவுக்குப் பக்கத்தில், தொடை இடிக்கிற மாதிரி நெருக்கி உட்கார்ந்தான். "ஏரோப்ளேனும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றான் சம்பத்தைப் பார்த்து. "போ."

ஞாயிற்றுக்கிழமை கிருபாவின் அப்பா சேதியை எடுத்துப் போனார்: திங்கள்கிழமை ஒரே ஒரு கைதான் இருக்கும், அது நான்.

திங்கள்கிழமை எல்லாம் சரியாக நடந்தது, லாசரஸைத் தவிர. வேலியைக் கண்டதும் பழக்க தோஷத்தில் அவன் வலது கை தானாக வெளியே பறந்துவிட்டது. "டேய்!" என்று ஏழு பேர் கத்தி அதை இழுப்பதற்குள் வேலி போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை லாசரஸின் கையைக் குப்புராஜ் தன் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான். எட்டுப் பேர் கையும் உள்ளே. கிருபாவின் கை மட்டும் வெளியே. ரத்தினபாய் டீச்சர் அதிசயப்பட்டுப் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். ஒன்பது கை வெளியே இருந்தபோது எதையும் பிடிக்க முடியாமலிருந்தவருக்கு ஒரே ஒரு கை வாகாக அகப்பட்டது.

"எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க, உனக்கு மட்டும் என்னடா கேடு?" என்று முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். வேலி அந்த நேரத்தில்தான் போயிற்று.

டீச்சரிடம் சொல்லிவிடலாம் என்றான் லாசரஸ். டீச்சர் ஹெட்மாஸ்டரிடம் சொன்னால், தன்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கிருபா பயந்தான். "டீச்சரை நான் பாத்துக்கறேன்," என்றான் சம்பத்.

புதன்கிழமையிலிருந்து சம்பத் சன்னலுக்கு முதுகைக் காட்டி, டீச்சருக்கு முன்னால் சிலேட்டோடு நின்றான். பார்வையைக் கொஞ்சமும் சன்னல் பக்கம் போகவிடாமல் மறைத்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், இந்த லாப நட்டக் கணக்கு புரியலை."

"பாத்திரக்கடைக்காரர் பிள்ளை, உனக்கா லாப நட்டம் புரியலை?"

"லாபம் புரியுது டீச்சர். நட்டம்தான் பேஜாரா கீது."

புதன்கிழமை வேலியோரம் யாருமில்லை. வியாழன், வெள்ளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிருபாவின் அப்பா போய்வந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல், கட்டிலை விட்டு இறங்கவில்லை. திங்கள்கிழமை மட்டும் வந்திருக்கிறாள். "ரெண்டு கை இருந்துதே, அதுல எது?" என்று கேட்டாளாம். லாசரஸ் அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

அடுத்த வாரமும் வேலி காலி. அதற்கடுத்த வாரமும். ஏழு பையன்கள் தினமும் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ தண்டனை போலிருக்கிறது என்று ஆபீஸ் போகிறவர்கள் பரிதாபப்பட்டார்கள். கிருபா மட்டும் யாருமில்லாத வேலிக்குக் கையை நீட்டி, வேலி முடிகிற வரைக்கும் ஆட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வான்.

"வராதவங்களுக்கு இன்னாத்துக்குடா கைய கட்டிக்கினு உக்காரணும்?" என்று ஒரு பையன் முனகினான். "வர்ற அன்னிக்கி வச்சிக்கலாமே."

"எங்கப்பா மழையிலயும் கடை தொறக்கறாரு," என்றான் சம்பத். "எவனாவது வர்றான்னு தெரிஞ்சா தொறக்கறாரு? மூடிட்டு வூட்ல குந்திகினு இருந்தா, வந்தவன் பூட்டைப் பாத்துட்டுப் போயிடுவான்டா."

பையன் கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

நாலாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. சிக்னல் கிடைக்காமல் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. சம்பத் டீச்சரிடம் ஒரு அண்டாவை வாங்கின விலைக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்தான். டீச்சர் கணக்கைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று பின்னால் பையன்களின் மூச்சுச் சத்தம்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.

அவனுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளும் தன்னுடைய சொந்த சன்னலில் உட்கார்ந்து, தினமும் சிரித்துக்கொண்டே பார்த்ததை இப்போது ஒரே ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். திரும்பினால் டீச்சரும் நிமிர்ந்து பார்ப்பார். சிலேட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான்.

"அப்போ நட்டம் எவ்ளோ டீச்சர்?" என்றான்.

எதிர்ச் சீட்டில் குப்புராஜ் மட்டும் அவன் கண்ணுக்குத் தெரிந்தான். தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை மட்டும் மெதுவாகத் திரும்பியது, வண்டிக்குள்ளிருந்து எதையோ தொடர்ந்து பார்ப்பவன் மாதிரி.

சானடோரியத்தில் வண்டி நின்றது. சம்பத் சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடினான். கிருபாவின் கை இன்னும் கம்பிக்கு வெளியிலேயே இருந்தது.

"வந்தாங்களா?"

கிருபா தலையாட்டினான். "மொதல்ல எப்பவும் போல வண்டி பூராவுக்கும் வீசினாங்க. அப்புறம் என் கைய பாத்தாங்க. கையாட்டறதை நிறுத்திட்டாங்க."

"நிறுத்திட்டாங்களா?"

"முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் கூடவே நடந்தாங்கடா. வேலியைப் புடிச்சிக்கிட்டு, என் சன்னலோடவே. வேலி முடியற வரைக்கும்."

லாசரஸ் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான். குப்புராஜ் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான், மரத்துப்போயிருந்தது, உதறிக்கொண்டான்.

சம்பத் கிருபாவின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். எத்தனை நாள் அந்த அம்மாவுக்குக் கை காட்டியிருக்கிறோம், ஒருநாள்கூட முகம் எப்படி இருக்கும் என்று நினைத்ததில்லையே என்று அவனுக்கு உறைத்தது.

"உங்கம்மா எப்டிடா இருப்பாங்க?" என்றான்.

கிருபா சொல்ல வாயெடுத்தான். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"கிட்டப் போய் பாத்துட்டுச் சொல்றேன்," என்றான்.