மோதிரங்களின் மேல் முள்கம்பி

1.

இந்தக் கதையை நான் கேட்டு வாங்கினேன். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு ஆர்லிஸ் ஹாவ்லிச்செக், தன் கராஜில் ஒரு நீளத் துணியின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டாள். பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் பாதிக் கதை கண்ணெதிரே நடந்தது. மீதியை லவான் டீட்ஸ் பிறகு சொன்னாள். "எழுதிக்கோ, பேரையும் போட்டுக்கோ. என் எடையில மட்டும் இருபது பவுண்டு குறைச்சிடு" என்றாள். குறைத்துவிட்டேன்.

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் இந்தச் சின்ன ஊரில் எனக்குப் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. சென்னையில் பத்திரிகை நடத்தும் நண்பரிடம் போனில் இதைச் சொன்னபோது, "வெள்ளைக்காரிங்க போர்வை தைக்கிற கதை நம்மாளுங்களுக்கு எதுக்கும்மா? உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தையாவது கொண்டுவாங்க" என்றார். கொண்டுவர மாட்டேன். [நான் ஒருத்தி துணி நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, போதாதா?]

2.

முதல் தொடக்கம்: "மக்காச்சோள வயல்களின் மேல் மஞ்சள் வெயில் மெல்ல —" அடித்துவிட்டேன். வெயிலுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது: "ரோஜர் டீட்ஸ், நாற்பத்தொரு வருட மனைவி லவானை விட்டுவிட்டு, ஒமாஹாவில் பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காரும் அறுபத்தேழு வயது அம்மாளோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார்." இது உண்மை. [முதல் வரைவில் அந்த அம்மாளுக்கு முப்பது வயது வைத்திருந்தேன். கை தானாக அப்படித்தான் எழுதுகிறது.] ஆனால் இப்படி ஆரம்பித்தால் இது ரோஜரின் கதையாகிவிடும். ரோஜருக்கு ஒரு வாக்கியம் போதும். கொடுத்தாகிவிட்டது.

மூன்றாவது: ஆர்லிஸுக்குக் கோபம் வந்தது.

இதுவே இருக்கட்டும்.

3.

ஆர்லிஸுக்குக் கோபம் வந்தது. ஏன் என்று புரிய, அவள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த விரிப்பு, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மேல்விரிப்பை அவரவர் வீட்டில் வருடக்கணக்காக உட்கார்ந்து தைக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதுதான் ஆர்லிஸின் வேலை. அதற்கென்று கராஜை அடைத்துக்கொண்டு பன்னிரண்டு அடிச் சட்டமும், அதன் மேல் தண்டவாளத்தில் ஓடும் மெஷினும் இருக்கின்றன. அவள் புருஷன் டுவைட்டின் வண்டி பதினாலு வருடமாகப் பனியில் வெளியே நிற்கிறது. அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது?

அந்த மெஷின் துணி மேல் போட்டுக்கொண்டே போகும் தையலுக்கு ஓர் உருவம் உண்டு. இறகு, விசிறி, நெளி, கொடி என்று எத்தனையோ. அதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று யோசித்துவிட்டு, கோலம் என்றே வைத்துக்கொண்டேன். எந்த வாசலுக்கு எந்தக் கோலம் என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா, இதுவும் அதேதான். கட்டங்களும் முக்கோணங்களுமாக விறைத்துக்கொண்டிருக்கும் விரிப்புக்கு வளைவான கோலம் வேண்டும். பூவும் பறவையுமாகக் கூச்சல் போடும் துணியில் எதைப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது, சும்மா நெளி போதும். குழந்தைப் போர்வையை நெருக்கித் தைத்தால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் "உன் இஷ்டம்" என்பார்கள். தைத்து முடித்ததும் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அதனால் ஆர்லிஸ் ஒரு விதி வைத்திருந்தாள்: "விரிப்பைக் கேட்டுத்தான் தைப்பேன். விரிப்புக்காரியைக் கேட்டு இல்ல."

பதினாலு வருடம் அந்த விதி நின்றது.

4.

லவான் தைத்த விரிப்பின் பெயர் இரட்டைத் திருமண மோதிரம். வளையத்துக்குள் வளையம் கோத்த பழைய வடிவம். ஊசி பிடித்த யாரும் அதற்குப் பயப்படுவார்கள். நாற்பத்திரண்டாவது திருமண நாளுக்கென்று இரண்டு வருடம் தைத்தாள். மார்ச்சில் முக்கால் விரிப்பைக் கொண்டுவந்து காட்ட, இருவரும் கோலம் பேசி முடித்தார்கள்: ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் இறகு மாலை. ஏப்ரலில் [ரோஜரின் வாக்கியத்தை மேலே பார்க்கவும்]. ஜூனில், நாலு பக்கமும் பட்டை வைத்துத் தைத்த முழு விரிப்போடு லவான் வந்து நின்றாள்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நீ, வா, போடிதான்.

ஆர்லிஸ் விரிப்பைச் சட்டத்தின் மேல் பரப்பினாள். மேல் பட்டை நேராகக் கிடக்காமல் மேடும் பள்ளமுமாக எழும்பி நின்றது.

"என்னடி, பட்டை கையாட்டி வணக்கம் சொல்லுது?"

"அவன் விட்டுட்டுப் போன வாரத்துல தச்சது. அளக்கல."

"நாலு இஞ்சு தொளதொளன்னு இருக்கு."

"தையல்ல அடங்கிடும்."

லவான் அதைப் பழக்கதோஷத்தில்தான் சொன்னாள். மேல்விரிப்பு தைக்கிற எல்லாருடைய வாயிலும் வருகிற வார்த்தை அது. கோணல், சுருக்கம், அதிகப்படித் துணி, எதுவானாலும் தையலில் அடங்கிவிடும். ஆர்லிஸுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அது தானாக அடங்குவதில்லை. அவள்தான் மணிக்கணக்கில் கையால் தடவி, நீராவி காட்டி, நெருக்கித் தைத்து அடக்குகிறாள்.*

* நம் ஊரில் "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்பார்களே, அதே துணியில் வெட்டிய வார்த்தை. அங்கேயும் சரியாக்குகிறவள் ஒருத்தி இருப்பாள்.

"அடக்கிடலாம்" என்றாள் ஆர்லிஸ். "இறகைச் சுத்தி நெருக்கமா தச்சா பட்டை இறங்கிடும்."

"இறகு வேணாம். முள்கம்பி போடு."

இந்த இடத்தில்தான் கோபம் வந்தது.

5.

முள்கம்பிக் கோலம் என்று ஒன்று உண்டு. குதிரைப்படம் போட்ட துணிக்கும், பையன்களின் அறைக்கும் போடுவார்கள். இந்த விரமிலிருந்து அந்த ஓரம்வரை ஒரே ஓட்டமாக, நடுநடுவே முடிச்சும் முள்ளுமாகப் போகும். வளையத்தையும் பார்க்காது, இணைப்பையும் பார்க்காது, குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்.

[மேலே "ஓரமிலிருந்து" என்று எழுத வந்து "விரமிலிருந்து" என்று விழுந்திருக்கிறது. "ஓரத்திலிருந்து" என்று திருத்தியிருக்க வேண்டும். விட்டுவைக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.]

ஆர்லிஸ் வாயால் சண்டை போடவில்லை. ஒரு கண்ணாடித் தாளை எடுத்து வளையத்தின் மேல் போட்டு, மார்க்கரால் இறகு மாலையை வரைந்தாள். கோலம் பொருந்துமா என்று அப்படித்தான் பார்ப்பது வழக்கம். வளையத்துக்குள் அது அழகாக உட்கார்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அதைவிடப் பொருத்தமான கோலம் அந்த விரிப்புக்கு இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது.

லவான் சட்டைக்கையால் அதைத் துடைத்துவிட்டு, ஒரு கோணல் கோடு இழுத்து முள் வைத்தாள்.

"கோழிக்கால் மாதிரி இருக்கு" என்றாள் ஆர்லிஸ். "அவன் மேல இருக்கிற கோபத்தை ஏண்டி துணியில காட்டற? ரெண்டு வருஷ உழைப்பு."

"இது கோபம்னு யாரு சொன்னா? எங்க மேய்ச்சல் நிலத்தச் சுத்தி ஓடற முள்கம்பி மொத்தமும் நான் இழுத்துப் பிடிச்சு அவன் ஆணி அடிச்சது. கையைப் பாரு." நீட்டினாள். தழும்புகள் இருந்தன. "இறகை நான் எங்கடி பாத்தேன், கல்யாணத்துல?"

ஆர்லிஸ் கொஞ்சம் தணிந்தாள். "சரி. பட்டையில மட்டும் கம்பி போடறேன். உள்ள வளையத்துக்கு இறகு. ரெண்டும் ஆச்சு."

"வெளிய வேலி, உள்ள இறகு. நாப்பத்தொரு வருஷம் ஊருக்கு அதத்தான காட்டினேன்."

[லவான் இத்தனை சாமர்த்தியமாகப் பேசினாளா என்று கேட்டால், பேசினாள். ஆனால் நடுநடுவே மூக்கைச் சிந்தினாள், ரெண்டு தரம் பேச்சு நின்றது. அதையெல்லாம் நான்தான் வெட்டினேன். வெட்டியது தப்பு என்று இப்போது படுகிறது.]

6.

ஆர்லிஸ் மேல் எனக்கொரு சந்தேகம். முதல் வரைவில் அவள் இந்த இடத்தில் கண் கலங்கித் தோழியைக் கட்டிக்கொண்டாள். பத்திரிகை நண்பருக்கு அது பிடித்திருக்கும். நிஜ ஆர்லிஸ் அப்படிச் செய்யவில்லை. திரும்பி நின்று நூல் சுற்ற ஆரம்பித்தாள். அவள் மனசில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. போன ஞாயிறு, பாதிரியார் மனைவி சர்ச் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டு, "லவானுக்கு இனி அந்தக் குவில்ட் எதுக்கு? இறகு போட்டுக் குடுத்தா சர்ச் நிதிக்கு நடக்கிற ஆகஸ்ட் ஏலத்துக்கு வெச்சுக்கலாம். அவளுக்கும் மனசு லேசாகும்" என்றிருந்தாள். ஆர்லிஸ் "பேசிப் பாக்கறேன்" என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது பேசிப் பார்த்தாள், முதுகைக் காட்டிக்கொண்டே.

"சர்ச் ஏலத்துக்குக் குடுத்துடேன்."

"யாரு சொன்னா?"

ஆர்லிஸ் நூலை இன்னும் வேகமாகச் சுற்றினாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

"ஓகோ. இது என் கட்டிலுக்கு."

"அத்தனாம் பெரிய கட்டில்ல ஒத்தையில படுத்துக்கிட்டு, கல்யாண மோதிரத்தப் போத்திக்குவியா? ஊர் என்னடி சொல்லும்?"

"எழவு வீட்டுக்குக் குடுக்கற மாதிரி ஊர் ஏழு கேசரோல் சமைச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. அவன் செத்திருந்தாகூட அஞ்சுதான் வந்திருக்கும். சொல்றத சொல்லட்டும். ஊர் வந்து என் பக்கத்துல படுக்கப் போறதில்ல."

"என் பேரும் அதுல இருக்கும், லவான். ஊர்க் குவில்ட் கண்காட்சியில தொங்கினா சீட்டுல 'தையல்: ஆர்லிஸ்'னு எழுதுவாங்க."

"எழுத வேணாம்னு சொல்லிடறேன். நீ யாருக்குப் பயப்படற?"

அப்புறம் லவான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "விரிப்பைக் கேட்டுத் தைப்பேன்னு சொல்லுவியே. கேட்டியா நீ? மார்ச்சுல கேட்டதோட சரி. இப்ப கேக்கவே இல்ல."

7.

சுலபமான முடிவுகள் சில என்னிடம் இருக்கின்றன.

அ) இறகு ஜெயிக்கிறது. குவில்ட் ஏலத்தில் போகிறது. லவான் புன்னகைக்கிறாள். இதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பார்கள். வேண்டாம்.

ஆ) கராஜ் வாசலில் ரோஜர் வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி — அவருக்கு ஒரு வாக்கியம்தான் என்று சொல்லிவிட்டேன்.

இ) பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்மணி சிக்குக் கோலம் போட்டுக் காட்ட, இருவரும் அதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். நண்பர் போனிலேயே சொன்ன யோசனை இது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்தவள் படுக்கைக்கு நான் யார் கோலம் போட?

8.

நடந்தது இவ்வளவுதான். ஆர்லிஸும் நானும் அடித்துணியை இழுத்துக் கட்டினோம். பஞ்சை விரித்து, விரிப்பைப் பரப்பினோம். சிவப்பு நூலைக் கோத்துவிட்டு ஆர்லிஸ் கையை எடுத்தாள்.

"நான் போட மாட்டேன். வேணும்னா நீயே ஓட்டு."

லவான் அந்த மெஷினை அதற்குமுன் தொட்டதில்லை. கைப்பிடி இரண்டையும் கறவை மாட்டின் கொம்பைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்தாள்.

"ஊசியைப் பாக்காத. போற இடத்தப் பாரு" என்றாள் ஆர்லிஸ், பழக்கத்தில்.

கம்பி ஓடியது. முதல் முள் கோழிக்காலேதான். நாலாவது முள், முள் மாதிரி வந்தது. மேல் பட்டையில் தொளதொளத்த துணி ஊசிக்கு முன்னால் குவிந்துகொண்டே போனது. ஆர்லிஸ் மெஷினின் பின்பக்கத்து ஸ்விட்சில் கை வைத்தாள்.

"மடிப்பு விழப்போகுது. நிறுத்தறேன்."

"நிறுத்தாத."

"நான் தடவிப் பிடிச்சுக்கறேன், நீ மெல்ல ஓட்டு. அடங்கிடும்."

"அடங்க வேணாம்டி."

லவான் தள்ளினாள். துணி மடிந்தது, மடிப்பின் மேல் சிவப்புக் கம்பி ஏறி இறங்கிப் போனது. ஒரு விரல் அகலம், அத்தனை பேர் கண்ணிலும் படுகிற இடம். இத்தனை வருடத்தில் ஒரு மடிப்புகூட அந்தக் கராஜைவிட்டு வெளியே போனதில்லை. உடம்பே கூசியது என்று ஆர்லிஸ் பிறகு என்னிடம் சொன்னாள். ஓரம்வரை போய் லவான் மெஷினை நிறுத்தினாள்.

ஆர்லிஸ் ஏப்ரன் பையிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தாள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். லவானிடம் நீட்டவில்லை, பிரிக்கவும் இல்லை. மேஜை மேல், எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

9.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. ஆசிரிய நண்பர் இரண்டு முறை கேட்டார். மடிப்பைப் பிரித்துவிட்டார்கள் என்று முடித்தால் அடுத்த இதழிலேயே போடுவதாகவும் சொன்னார். போட வேண்டாம் என்றேன்.

கத்தி மேஜையில் இருக்கிறது. உங்களுக்கு மனசு கேட்கவில்லையென்றால் தாராளமாக எடுங்கள். கூர்முனையைச் சிவப்பு நூலுக்கு அடியில் விட்டு ஒன்றொன்றாக அறுத்துக்கொண்டே வந்தால், பத்து நிமிடத்தில் மடிப்பு போய்விடும், தழும்பும் தெரியாது. நானும் ஆர்லிஸும் தடுக்க மாட்டோம். மூன்றாவது தையலை நீங்கள் அறுக்கும்போது லவான் உங்களைத் திரும்பிப் பார்த்து, இது யாருடைய போர்வை என்று கேட்பாள். அவளுக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதைக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.