மூன்றாம் ஜாடி

ஏப்ரல் 12. ஒரு சிறிய தவறு. என் அண்ணன் பனியோடு பனியாக மலைமேல் இறங்கிக்கொண்டிருந்த நவம்பரில், மூன்றாம் ஜாடியை வடிகட்டாமல் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்ட அவசரம். அன்றைய குறிப்பில் ‘கசிவு’ என்று எழுதிச் சமாளித்தேன்.

அண்ணன் கீழே சமவெளியில் பதினோரு வருடங்களாக வயல்களுக்குப் பூச்சிமருந்து அடித்தார். வெயிலில் ஆவியாகும் மருந்து காற்றோடு அலைந்து, குளிர்ந்த இடம் வந்ததும் இறங்கிவிடும். தண்ணீரில் கலந்தால் மீன்களின் கொழுப்பில் வருடக்கணக்காகச் சேரும். மலைமேல் எங்கள் ஆய்வு நிலையத்தில் பனியை உருக்கி, வடிதாளில் வடித்து, தங்குவதை எடை போடுகிறோம். மருந்து எழும்பியபோது அண்ணனும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே எழும்பியிருக்கிறார். முதல் குளிர்காலத்தில் வடிதாளில் அவருடைய வியர்வை வாசனை மட்டும் இருந்தது. இரண்டாவதில் புருவ முடி. மூன்றாவதில், சிறுவயதில் நான் கதவிடுக்கில் நசுக்கிய கட்டைவிரலின் நகம், அதே பிளவோடு. கீழே அவர் ஒரு கிலோ இளைத்த மாதம் மேலே ஒரு கிலோ கூடியது. என் கணக்கில் எனக்கே நம்பிக்கை இல்லாததால் இருமுறை சரிபார்த்தேன். நிலையப் பொறுப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பட்டியலில் அண்ணனுக்குத் தனிக் கட்டம் போடச் சொன்னார்.

போன அக்டோபரில் தொலைபேசியில் கெஞ்சினேன்.

“அந்த வேலைய விட்டுடுண்ணா. பாதி ஆள் இங்க வந்துட்ட.”

“மீதி ஆளுக்குப் பசிக்குதே, பாப்பா.”

அண்ணி வாங்கிப் பேசினார். “கூப்பிட்டா சட்டைதான் திரும்பிப் பாக்குது. உள்ள ஆளத் தேட வேண்டியிருக்கு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. “ஒரு துளி சிந்தாம சேத்து வைம்மா. நான் வந்து பாத்துக்கறேன்.”

வைக்கிறேன் என்று சொன்னேன்.

பிப்ரவரியில் கீழே சட்டை மட்டும் மிஞ்சியது. நேற்று கடைசி வடிதாள் காய்ந்தது. இன்று காலை ஜாடி அறையில், அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். ஹீட்டரை அணைத்துவிட்டோம், சூடு பட்டால் மறுபடி எழும்பிவிடுவார். எங்கள் மூச்சு புகைந்தது. அவருடையது புகையவில்லை. விரல்களை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

“சுண்டுவிரல எங்க வச்ச, பாப்பா?”

சொன்னேன். திட்டவில்லை. “அவகிட்ட நீயே சொல்லிக்க,” என்றார்.

அண்ணி நாளை மறுநாள் மலையேறி வருகிறார். கழுவுதொட்டியின் குழாய் நிலையத்துக்குக் கீழே உள்ள ஏரியில் போய் முடிகிறது. கரையோரப் பனி உடைந்துவிட்டது.

நாளை காலை ஏரியில் வலை போட வேண்டும். குஞ்சுகளை விட்டுவிடலாம். வயதான மீன்களின் கொழுப்பில் தேட வேண்டும்.