லயத்துக்குப் போன மூன்றாம் வகுப்பு

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இராதாகிருஷ்ணன் எழுதும் மதிப்பீடுகளில், மதிப்பெண்ணுக்கு முன்னால் ஒரு பிராணி வந்து நிற்கும். பயிற்சி ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவதும், பின்னாலேயே போய் அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்ப்பதும், சான்றிதழுக்குத் தகுதியா இல்லையா என்று கையெழுத்திடுவதும் அவருடைய பொறுப்பு. குறையை நேராகச் சொன்னால் மனம் நோகும், கதையாகச் சொன்னால் நோகாது என்பது அவருடைய நம்பிக்கை. கதை இன்னும் அதிகமாக நோகடிக்கும் என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அதனால், பயிற்சி முடிந்து கல்லூரி உணவகத்தில் கூடும் பயிற்சி ஆசிரியர்களின் பேச்சு ஒரு மிருகக்காட்சி சாலையைப் போலவே இருக்கும்.

"உனக்கு என்னடா?"

"கழுதை. குறிப்பைப் பார்த்தே பாடம் நடத்துனேனாம். காகிதம் தின்னுதுன்னு எழுதிட்டாரு. உனக்கு?"

"தவளை. ஒரு பாடத்துல நிக்காம தாவுறேனாம் லா."

1978ஆம் ஆண்டு தாமரை என்னும் பெண்ணுக்குக் கொக்கு கிடைத்தது. பினாங்குப் பட்டணத்தில் பிறந்து, ஏழு வயதிலிருந்து பாட்டு வாத்தியாரிடம் முறையாகப் பாடம் கேட்டவள். குரல் தேன். ஆனால், கரும்பலகையை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். 'ஒரு கொக்கு குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்றது. மீன்கள் அத்தனையும் மறுகரைக்குப் போய்த் தனியாக ஒரு பள்ளிக்கூடம் வைத்துக்கொண்டன. கொக்குக்கு அது கடைசிவரை தெரியவே இல்லை' என்று எழுதி, அவளைத் தேர்ச்சி பெறாதவர்கள் வரிசையில் வைத்தார் இராதாகிருஷ்ணன். கல்லூரி விதிப்படி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. அதிலும் தவறினால் சான்றிதழும் இல்லை, ஆசிரியர் வேலையும் இல்லை.

அந்த ஒரே வாய்ப்பு, 1979ஆம் ஆண்டு, கேமரன் மலையில் புதுக்காட்டுத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவளுக்கு அமைந்தது.

தாப்பாவிலிருந்து மலையேறிய இராதாகிருஷ்ணனின் பழைய மோரிஸ் மைனர், ஒவ்வொரு வளைவிலும் இருமியது. முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பதுதான் சரியான மேற்பார்வை என்பது அவர் கொள்கை. காருக்கு அப்படி ஒரு கொள்கை இல்லை. அது வருவது இரண்டு மலைக்கு அப்பாலே கேட்டுவிடும். சத்தம் கேட்டதும், பாடத்துக்குத் தயாராக இல்லாத பயிற்சி ஆசிரியர்கள், 'இயற்கையைக் கற்போம்' என்று பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று முறை காலி மேசைகளை மட்டும் மேற்பார்வை செய்துவிட்டுத் திரும்பிய பிறகுதான், இராதாகிருஷ்ணன் ஒரு விதியைத் தம் கையாலேயே எழுதினார். 'பாடவேளையில் வகுப்பில் இல்லாத பயிற்சி ஆசிரியருக்கு மதிப்பெண் இல்லை.' அதன்பின் இயற்கையைக் கற்கும் ஆர்வம் கல்லூரியில் வெகுவாகக் குறைந்தது. அந்த விதியை அவர் ஒருமுறைகூடத் தளர்த்தியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பள்ளி வாசலில் தலைமையாசிரியர் இராமையா ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி எதிர்கொண்டார்.

"வாங்க சார். கார் சத்தம் ரிங்லெட்ல இருக்கும்போதே கேட்டுச்சு. தேத்தண்ணி போடச் சொல்லியிருக்கேன்."

"தேத்தண்ணி இருக்கட்டும். மூணாம் வகுப்பு எது?"

"கடைசி அறை. பாட்டு நடக்குது. கொஞ்சம் முன்னாடிகூடக் காதுல விழுந்துச்சு."

கடைசி அறையில் பாட்டு நடக்கவில்லை. எதுவுமே நடக்கவில்லை. மேசைகள் இருந்தன, புத்தகப் பைகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. தாமரையும் இல்லை. கரும்பலகையில் முத்து முத்தான எழுத்தில் இப்படி இருந்தது:

மூடு பனியே மூடு பனியே
மூட்டை கட்டிப் போ
மூடி வைத்த மலையை எல்லாம்
காட்டி விட்டுப் போ

அதன் கீழே: 'பாட நோக்கம்: மாணவர்கள் பாடலை லயத்தோடு பாடுவர்.'

இராதாகிருஷ்ணன் நெடுநேரம் அந்தப் பலகையைப் பார்த்தார். இந்தப் பெண்ணுமா செடிக்குள் போய் ஒளிந்துகொண்டது? போன ஆண்டு நகரவே தெரியாதிருந்தவள், நகரக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா?

"சார், ஒரு தடவை பின்னாடி பார்த்துட்டு..." என்று இராமையா இழுத்தார்.

"பாடவேளை. வகுப்புல ஆள் இல்லை. என் விதி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார். ஆனா அந்தப் பொண்ணு அப்படிப்பட்டதில்லை. ராத்திரி பூரா அட்டை வெட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

அப்போது, மலைச்சரிவின் கீழேயிருந்து மெல்லிய பாட்டொலி வந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் திசை அது. இராமையா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"பள்ளத்து லயத்துல கேக்குது சார். இந்நேரத்துல அங்க யாரு பாடுறது?"

மதிப்பெண் இல்லை என்று எழுதுவதானாலும், கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவதுதான் முறை. குடையை விரித்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். தூறல் பிடித்திருந்தது. கல்லூரியில் பளபளத்த இராதாகிருஷ்ணனின் காலணி, செம்மண்ணில் இரண்டு முறை அவரை உட்கார வைக்கப் பார்த்தது. இரண்டு முறையும் இராமையா பிடித்துக்கொண்டார். லயத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பெற்றோர் மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்தது ஆயாக் கொட்டகை மட்டுமே. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது.

உள்ளே, உத்தரத்திலிருந்து ஸ்பிரிங் கம்பிகளில் சாரோங் துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. இழுத்து விட்டால் மேலும் கீழும் தாமாகவே ஆடும் தொட்டில்கள். கடைசி ஒன்றைத் தவிர, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றாம் வகுப்பு மாணவர் இருவர். தொட்டில்களைச் சேர்ந்தாற்போல் இழுத்து விட்டார்கள். 'கிறீச்' என்று கம்பி இறங்கும்போது 'மூடு' என்றார்கள், ஏறும்போது 'பனியே' என்றார்கள். நடுவில் தாமரை, முழங்கால்வரை சேறு தெறித்த புடவையோடு, தொட்டிலுக்குத் தொட்டில் நடந்து விரலால் தாளம் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் அயர்ந்து தூங்கின.

வாசலில் நின்ற உருவத்தைக் கண்டதும் தாமரையின் விரல் நின்றது. ஆனால், பாட்டு நிற்கவில்லை. தொட்டில் ஆடும்வரை பிள்ளைகள் எப்படி நிறுத்துவார்கள்?

கொட்டகை ஆயா வேலம்மா, உதட்டில் விரல் வைத்தபடி வந்தாள்.

"சத்தம் போடாதீங்க ஐயா. இப்பத்தான் எல்லாம் கண்ணசந்திருக்கு."

"நான் மக்தாப்ல இருந்து வந்திருக்கேன்."

கல்லூரியை மலாய்க்காரரும் தோட்டத்தாரும் மக்தாப் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே தலைமையாசிரியர்கள் நாற்காலி தேடுவது வழக்கம். வேலம்மா தேடவில்லை.

"எங்கிருந்து வந்தா என்ன, சும்மா நிக்காதீங்க. கடைசித் தொட்டிலுக்கு ஆள் இல்ல. அதைக் கொஞ்சம் இழுத்து விடுங்க லா."

பயிற்சிப் பிரிவின் தலைவரான இராதாகிருஷ்ணன், கையிலிருந்த மதிப்பீட்டுத் தாள்களை இராமையாவிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிலை இழுத்தார். கையோ ஒரு வேகம், பாட்டோ ஒரு வேகம். இரண்டாவது இழுப்பிலேயே உள்ளே ஒரு முனகல் கேட்டது. மூன்றாவதில் அது அழுகையாகும் நிலைக்கு வந்தது. பக்கத்துத் தொட்டிலில் நின்ற பவளம், வகுப்பின் மாணவத் தலைவி, பாடுவதை நிறுத்தாமலேயே தலையைச் சாய்த்துக் கிசுகிசுத்தாள்.

"சார், லயத்தை விட்டுட்டீங்க. எங்களோட சேர்ந்து இழுங்க."

இராதாகிருஷ்ணன் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார். அவள் இழுக்கும்போது இழுத்தார். கம்பி ஒருமித்துக் கிறீச்சிட்டது. முனகல் அடங்கியது. அவரை அறியாமலேயே அவர் வாய் 'மூட்டை கட்டிப் போ' என்றது. இராமையா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அது இருமல் அல்ல.

பாட்டு முடிந்து பிள்ளைகள் முன்னால் ஏறிப் போனார்கள். தாமரை பின்னால் வந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் இராதாகிருஷ்ணன்.

"சார், நான் வேணும்னு கூட்டிக்கிட்டு வரல. பிள்ளைங்க தாளம் தப்பிப் பாடினாங்க. ஆளுக்கொரு பக்கம் போச்சு. நான் கையைத் தட்டி, 'எல்லாரும் லயத்தை விட்டுட்டீங்க. முதல்ல லயத்துக்குப் போங்க, அப்புறம் பாட்டு'ன்னு சொன்னேன்."

"சரி?"

"போயிட்டாங்க சார்."

"எங்கே?"

"லயத்துக்கு."

இராதாகிருஷ்ணன் நின்றுவிட்டார். தாமரை தொடர்ந்தாள். "ஒரே ஓட்டம் சார். நானும் கத்திக்கிட்டே பின்னாடி ஓடினேன். எங்க பாட்டு வாத்தியார் லயம்னா தாளம் தப்பாத நடைன்னு சொல்லிக் கொடுத்தாரு. வீட்டுக்குப் பேரு லயம்னு இங்க வந்து ரெண்டு வாரமா கேக்குறேன், ஆனா வாயில அது வந்துடுச்சு. வீடெல்லாம் பூட்டியிருக்கவும் பிள்ளைங்க கொட்டகைக்குள்ள போயிட்டாங்க, மழையும் வந்துடுச்சு. 'பாடுறதுன்னா தொட்டிலோட சேர்ந்து பாடுங்க, புள்ளைங்க முழிச்சா தொலைச்சுடுவேன்'னு வேலம்மா சொன்னாங்க. அதையே பாடமா ஆக்கிட்டேன்."

இராமையா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சார், இதுல என் பங்கும் உண்டு. தினமும் பள்ளிக்கூடம் விடும்போது நான் சொல்றது அதேதான். 'சத்தம் போடாம லயத்துக்குப் போங்க.' அவங்க சொல்பேச்சுக் கேட்ட பிள்ளைங்க."

"எனக்கு முட்டைதானே சார்?" என்றாள் தாமரை. குரல் அமைதியாகத்தான் இருந்தது. "வகுப்புல இல்லை, மதிப்பெண் இல்லை. விதியை நாங்க எல்லாருமே மனப்பாடம் பண்ணியிருக்கோம்."

அவர் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

அலுவலக அறையில் ஆறிப்போன தேத்தண்ணியின் முன் மதிப்பீட்டுத் தாளை விரித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். விதியைத் தளர்த்துவதா? ஒருத்திக்குத் தளர்த்தினால், நாளை கழுதைகளும் தவளைகளும் ஆளுக்கொரு காரணத்தோடு வந்து நிற்பார்கள். தளர்த்தாவிட்டால், போன ஆண்டு நகராததற்காக நிறுத்திய பெண்ணை, இந்த ஆண்டு நகர்ந்ததற்காக நிறுத்தவேண்டும்.

தாம் எழுதிய வாசகத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். 'வகுப்பில் இல்லாத.' வகுப்பு. எழுதும்போது அவர் மனத்தில் இருந்தது நான்கு சுவரும் ஒரு கரும்பலகையும். ஆனால், இன்று அந்த நான்கு சுவருக்குள் இருந்தவர் யார்? அவரும் இராமையாவும்தான். வகுப்போ மேசையை விட்டு எழுந்து, சரிவில் ஓடி, தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த வகுப்பில், தாமரை ஒரு நிமிடங்கூட இல்லாமல் இல்லை. இடத்தின் பெயரல்லாத சொல்லைப் பிள்ளைகள் இடமாக எடுத்துக்கொண்டார்கள் என்றால், நாமும் அதையேதான் இத்தனை ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியபோது, இராதாகிருஷ்ணனுக்குத் தம்மேலேயே சிரிப்பு வந்தது. இதற்கு என்ன பிராணியைப் போடுவது என்று ஒரு கணம் யோசித்தார். கைவசம் எதுவும் பொருத்தமாக இல்லை.

விதியைத் தளர்த்தத் தேவை இருக்கவில்லை. சரியாகப் படித்தால் போதுமாயிருந்தது.

எழுதத் தொடங்கினார். 'அதே கொக்கு. ஒரு நாள் அது தப்பாக ஒரு சொல் சொல்ல, மீன்கள் எல்லாம் கரைபுரண்டு ஓடின. கொக்கு இந்த முறை நிற்கவில்லை. மீன்கள் போன இடத்துக்கே போய் நனைந்தது.' அதன் கீழே ஒரு நல்ல மதிப்பெண்ணை இட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தாமரையை அழைத்துத் தாளை நீட்டினார். முதல் சொற்களைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"மறுபடியும் கொக்கா சார்?"

"கடைசி வரைக்கும் படிம்மா. நீங்க எல்லாரும் பிராணியோடயே நின்னுடுறீங்க."

அவள் படித்தாள். மதிப்பெண் வரை வந்தாள். மறுபடியும் மேலேயிருந்து படித்தாள். பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கப் போய், அதில் இருந்த சேற்றை முகத்தில் பூசிக்கொண்டாள்.

பள்ளி விடும் மணி அடித்தது. பிள்ளைகள் திடலில் வரிசையாக நின்றார்கள். மூன்றாம் வகுப்பு முன்னால் நின்றது. இராமையா வழக்கம்போல் படியில் ஏறிக் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் சத்தம் போடாம லயத்துக்குப் போங்க."

மற்ற வகுப்புகள் கலைந்தன. மூன்றாம் வகுப்பு அசையவில்லை. பவளம் அக்கம்பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். அத்தனை பேரும் ஒன்றாகக் கைதட்டத் தொடங்கினார்கள்.

'மூடு பனியே மூடு பனியே...'

இராமையா படியிலேயே நின்றுபோனார். "டீச்சர், இவங்கள இப்ப எப்படித்தான் வீட்டுக்கு அனுப்புறது?"

"பாட்டு முடியட்டும் சார்" என்றாள் தாமரை.

மோரிஸ் மைனர் இருமிக்கொண்டே மலையிறங்கியது. அன்றைக்கு வளைவுக்கு வளைவு அந்த இருமலில் ஒரு தாளம் இருப்பதாக இராதாகிருஷ்ணனுக்குப் பட்டது. ஸ்டியரிங்கில் விரலால் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் தப்பியது. மறுபடியும் தட்டினார்.