அண்ணன் கைப்பக்குவம்

பெஞ்சை மூன்றாம் தடவையாக நகர்த்தினார்கள் லாரிக்காரர்கள். வெயில் ஏற ஏறப் புளியமரத்து நிழல் நகர்ந்துகொண்டே போனது. நிழல் போன பக்கமெல்லாம் சுருளியாண்டியும் போக வேண்டியிருந்தது. "மொகத்துல வெயில் படக்கூடாதுப்பா, அந்தப் பக்கம் பிடி" என்று தவசி அதட்ட, ஆளுக்கொரு காலாகத் தூக்கினார்கள். எத்தனையோ வருஷம் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட பெஞ்சு. அதற்கு ஓர் ஆட்டம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் ஓடிப்போய் ஓட்டுச் சில்லு எடுத்துவந்து முட்டுக் கொடுத்தார்.

கடைக்குப் பின்பக்கம், தென்னந்தட்டி மறைவில், மொக்கம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒரு பாட்டம் அழுதாயிற்று. விடிந்ததும் விடியாததுமாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து "டீத்தண்ணி போடு" என்று சொன்ன மனுஷன், அவள் டீயை ஆற்றிக்கொண்டு வருவதற்குள் அப்படியே போய்ச் சேர்ந்திருந்தார். பாயில் கிடக்கவில்லை, பீ மூத்திரம் அள்ளவிடவில்லை. அறுபத்திரண்டு வயசு. இப்படிச் சாவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

இப்போது அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. கடைக்காக முந்தின நாள் ஊறப்போட்ட நாலு படி மொச்சை அடுப்பங்கரையில் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தண்ணீரில் கிடந்தால் நாறிப் போகும். புருஷனைக் கிடத்தி வைத்துக்கொண்டு மொச்சையை நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் மறக்க முடியவில்லை.

லோயர் கேம்ப்பில், குமுளி மலைக்கு அடிவாரத்தில் இருந்தது கடை. அரிசியும் வைக்கோலும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போகிற லாரிகள், மலை ஏறுவதற்கு முன்னால் அங்கே நிற்கும். மிளகும் ஏலமும் ஏற்றி இறங்கி வருகிற லாரிகள் பிரேக் சூடு ஆற நிற்கும். நின்றவர்கள் சாப்பிடாமல் போனதில்லை. சாப்பிட்டவர்கள் மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் ஒரு மணி நேரம் கண் அசராமலும் போனதில்லை. பெயர்ப் பலகை கிடையாது. சுருளியாண்டி கிளப்புக் கடை என்றால் தேனியிலிருந்து கோட்டயம் வரைக்கும் ஸ்டியரிங் பிடித்த ஆட்களுக்கெல்லாம் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். சுருளியாண்டிக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

கடை போட்ட முதல் வாரம் ஆரம்பித்த கூத்து அது. ஒரு டிரைவர் மொச்சைக் குழம்பை இலையோடு வழித்துத் தின்றுவிட்டு, "ஆரு சமையல்?" என்று கேட்டிருக்கிறார். கண்ட ஊர் லாரிக்காரனுக்கெல்லாம் பெண்டாட்டியைச் சமைக்கப் போட்டிருக்கிறான் என்று பங்காளிகள் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்த நேரம். "நாந்தேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை வாய்க்குள் திரும்பத் திணிக்க முடியுமா? பவர் ஹவுஸ் கட்டினபோது இன்ஜினீயர்களுக்குச் சமைத்துப் போட்டவர் என்று ஒரு கதை பிறந்தது. உண்மையில் அங்கே கல் சுமந்தவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெந்து இறக்கிய குழம்பை முன்பக்கத்து அடுப்பில் ஏற்றிவைத்துச் சும்மா கிண்டிக்கொண்டிருப்பார். மொக்கம்மாள் தட்டிக்குப் பின்னால் மசாலா அரைப்பவள் என்பதே டிரைவர்களின் எண்ணம். பாவம் மதினி, அம்மியே கதியென்று கிடக்கிறார்கள் என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு.

அவளுக்கு ஒரே ஒரு தடவைதான் கோபம் வந்தது. போடியிலிருந்து வந்த ஏலக்காய் முதலாளி ஒருவர், சாப்பிட்டு முடித்துச் சுருளியாண்டிக்குச் சரிகைத் துண்டு போர்த்திவிட்டுப் போன அன்றைக்கு. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை நிலையில் வந்து நின்றார்.

"உண்மையச் சொல்லிரட்டுமா, மொக்கு?"

"சொன்னா ஆரு நம்புவா?" என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு அப்புறம் சமையலைப் பற்றி யார் எது சொன்னாலும், தபால்காரர் மாதிரி உள்ளே வந்து ஒரு சொல் விடாமல் அவளிடம் சேர்த்துவிடுவார். "இன்னைக்குப் புளி எடுப்பா இருக்குன்னான் பால்பாண்டி" என்று சொல்லிவிட்டுத்தான் கையே கழுவுவார். மொக்கம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

இன்றைக்குத் தபால் நேராகவே வந்துகொண்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்து டிரைவர்கள் ஆளுக்கொன்றாகப் பேசினார்கள். போகிற லாரியும் வருகிற லாரியுமே சேதி சொல்லிவிட, சுற்றுப்பட்ட லாரியெல்லாம் பத்து மணிக்குள் ரோட்டோரம் வந்து நின்றுவிட்டன.

"எனக்கு மக பொறந்த சேதியே இங்கனதான் கெடைச்சது" என்றான் தவசி. "கோட்டயத்துல லோடு எறக்கிட்டு வர்றேன். அண்ணன் ரோட்டுல எறங்கி வந்து கையக் காட்டுறாக. பொட்டப்புள்ள, தாயும் புள்ளையும் சொகம்னு சொன்னாக. தேனியில ஒரு வண்டி சொல்லி, சின்னமனூர்ல ஒரு வண்டி சொல்லி, எனக்காக இங்கன வந்து காத்துக் கெடந்த சேதி. அன்னைக்குப் பாசிப்பருப்புப் பாயாசம் ஒண்ணு வச்சாக பாரு, அப்பிடி ஒரு கை."

அந்தப் பாயாசம் மொக்கம்மாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெல்லம் பத்தாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டாள். தவசி வந்துவிட்டான், சீக்கிரம், சீக்கிரம் என்று அவர் நாலு தடவை உள்ளே வந்து விரட்டியதில் லேசாக அடிப்பிடித்தும் போனது.

போடி ஜெபமணி வயசில் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் வண்டி எடுக்க மாட்டார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மலை எறக்கத்துல எனக்குப் பிரேக் போச்சே, அன்னைக்கு. வண்டிய மலையோரமா மோதி நிப்பாட்டிட்டு நடந்தே வந்துட்டேன். அவுக ஒண்ணுமே கேக்கல. இலையப் போட்டாக. எனக்குக் கை நடுங்குது, சோத்தை அள்ள முடியல. உருட்டி உருட்டி என் கையில வச்சாக. அஞ்சாறு உருண்டை உள்ள போன பெறவுதான் பேச்சே வந்துச்சு. எத்தனை ஊர்ல தின்னாலும் அந்தக் குழம்பு ருசி எனக்குக் கெடைச்சதில்லப்பா."

மொக்கம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் குழம்புக்கு உப்புப் போட மறந்துபோயிருந்தாள். ஜெபமணி எழுந்து போன பிறகுதான் வாயில் வைத்துப் பார்த்தாள்.

பிறகு தவசிதான் சொன்னான். "ம். இனிமே இங்கன நிப்பாட்டி என்ன செய்ய? அந்தக் கை போயிருச்சு. நேரா கூடலூருக்கு விட வேண்டியதுதான்."

ஆமா ஆமா என்றார்கள் மற்றவர்கள். மொக்கம்மாள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அன்னத்தாய் இதற்காகவே காத்திருந்தவள் போல அவள் பக்கம் திரும்பினாள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். "கேட்டியா ஆத்தா? அவ்வளவுதான். கடையப் பூட்டிட்டு எங்கூட வந்துரு. ஒன் மருமகன் சொல்லிட்டாக. ஒரு வேலையும் பாக்க வேணாம், சும்மா உக்காந்து சாப்பிடு."

"சும்மா உக்காந்து எப்பிடித்தா சாப்பிட முடியும்? எனக்கு இந்த அடுப்பு வேணும்."

"அப்ப வெளிய போயி, சமைச்சதெல்லாம் நாந்தேன்னு சொல்லு. நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்."

எழுந்திருக்கப் போன மகளின் கையை மொக்கம்மாள் இறுக்கிப் பிடித்தாள். "ஒங்கப்பாவ பெஞ்சுல கெடத்தி வச்சுக்கிட்டு, இவுக பொய்க்காரருன்னு ஊரக் கூட்டிச் சொல்லவா? உக்காரு பேசாம."

உண்மையைச் சொன்னால் கடை நிலைக்கும், அவர் பேர் போகும். சொல்லாவிட்டால் பேர் நிலைக்கும், கடை போகும். இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தெரிந்த வாய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வெற்றிலை வைத்து மூடி வெளியே பெஞ்சில் கிடந்தது.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். தவசியின் லாரியில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். பின்னால் இருபது, இருபத்தைந்து வண்டிகள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கட்டிலில் தூங்குகிற ஆள் முழித்துக்கொள்வான் என்று, ஆரன் அடிச்சா சோறு கிடையாது என்பது சுருளியாண்டியின் சட்டம்.

ஆண்கள் அந்தப் பக்கம் போனதும், அன்னத்தாயின் புகுந்த வீட்டிலிருந்து சம்பந்தி முறைச் சாப்பாடு வந்து இறங்கியது. இரண்டு அண்டா சோறு, ஒரு அண்டா சாம்பார். சொந்தக்காரர்களுக்கு என்றால் தாராளம். இத்தனை லாரிக்காரர்கள் வருவார்கள் என்று அவர்கள் கனவா கண்டார்கள்? அன்னத்தாய் மூடியைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "சோத்தக்கூட இன்னொரு உலை வச்சுச் சமாளிக்கலாம். குழம்பு ஒரு பந்திக்குக் காணாதே ஆத்தா."

மொக்கம்மாள் எழுந்து கொண்டையை முடிந்தாள்.

"மூலையில உக்கார வேண்டியவ, எங்கன போற?" என்று பக்கத்து வீட்டு முருகம்மாள் மறித்தாள்.

"மொச்சை நாறிப் போகும்க்கா" என்றாள்.

மாமியார் செத்தாலும் மாமனார் செத்தாலும் சொல்வதற்கு அங்கிருந்தவர்களிடம் வழக்கம் இருந்தது. மொச்சைக்கு இல்லை. முருகம்மாளே போய்க் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

குளித்து ஈரத் துணியோடு ஆண்கள் திரும்பி வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாளி கேட்டுத் தட்டிக்குள் தலையை நீட்டிய தவசி அப்படியே நின்றான்.

"மதினி, நீங்களா சமைக்கிறீக?"

அன்னத்தாய் வாயைத் திறந்தாள். அதற்குள் மொக்கம்மாள் முந்திக்கொண்டாள். "எல்லாம் அவுக சொல்லிக் குடுத்ததுதான். பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து வந்தது."

தவசியின் முகம் கோணிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தான். "அப்ப கடை?"

"கருமாதி கழியட்டும். தெறந்துருவேன்."

அன்னத்தாய் தாயைப் பார்த்த பார்வையில் அடுப்பில்லாமலே இன்னொரு குழம்பு கொதித்திருக்கும். மொக்கம்மாள் அதைக் கண்டுகொள்ளாமல் வாளியை நிரப்பிக் கொடுத்தாள்.

பந்தி உட்கார்ந்தது. பங்காளி வீட்டுப் பையன்கள் பரிமாறினார்கள். தட்டிக்குப் பின்னால் நின்று மொக்கம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு தவசியின் குரல் வந்தது.

"கொறை சொல்லக் கூடாது. நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் கைப்பக்குவம் வராது."

"அது எப்பிடி ஒரு நாள்ல வரும்?" என்றார் ஜெபமணி. "மதினிக்குப் போகப் போக வரும். பத்து நாளு பொறுத்துக்கிட்டுத் தின்னா வந்துரும்."

"கேட்டியா ஆத்தா?" அன்னத்தாய் பல்லைக் கடித்தாள். "இருவது வருசமா இதத்தான தின்னாக."

மொக்கம்மாள் அகப்பையிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு சரி. புளி சரி. மொச்சை வெண்ணெயாக வெந்திருந்தது. நேற்று வைத்த குழம்புக்கும் இதற்கும் ஓர் இம்மி வித்தியாசம் கிடையாது. இன்னொரு தடவை நக்கிப் பார்த்தாள். அவர்கள் சொல்வது சரிதான் என்று பட்டது. இது அந்தக் குழம்பு இல்லை. காலையில் அழுதபோதுகூட வராத துக்கம் அப்போதுதான் நெஞ்சில் வந்து முட்டியது. சட்டிக்கு முன்னால் நின்று சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு தட்டியைத் தாண்டி வெளியே போனாள்.

பந்திக்கு நடுவே அவள் வந்து நின்றதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. சாப்பிட்ட கைகள் அப்படியே நின்றன. அவள் நேரே தவசியின் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"ஏப்பா தவசி, ஒங்க ஆத்தாளுக்குக் கண்ணு ஆப்ரேசன் ஆச்சே, கட்டு அவுத்துட்டாகளா?"

தவசி நிமிர்ந்து பார்த்தான். போன வாரம் சுருளியாண்டியிடம் சொன்ன சங்கதி அது. "அவுத்தாச்சு மதினி. முந்தாநாள் எம்மகளப் பாத்து, இவ ஆரு இம்புட்டு ஒசரமா வளந்துட்டான்னு கேட்டுச்சு."

"கொஞ்ச நாளைக்கு அடுப்பங்கரைப் பக்கம் விடாதீக. பொகை ஆகாது." பேசிக்கொண்டே சோற்றைக் குழித்துக் காட்டச் சொல்லி இரண்டு அகப்பை ஊற்றினாள். அடுத்த இலை ஜெபமணியுடையது. "அண்ணே, இப்பவும் பிரேக் போன அந்த வளைவு வந்தா, ஏசுவே காப்பாத்துன்னு சொல்லிக்கிட்டேதான் திருப்புறீகளா?"

"அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு ஜெபமணி சிரித்தார். அந்தச் சாவு வீட்டில் முதல் தடவையாக நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

தவசி புதிதாக ஊற்றிய குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். நிதானமாக மென்றான். இன்னொரு வாய் வைத்தான்.

"மதினி."

"என்னப்பா?"

"இப்பக் கொஞ்சம் வருது."

"அப்பிடியா?" என்றாள் மொக்கம்மாள். வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அடுத்த இலைக்குக் குனிந்தாள்.